பேட்டரி தாங்கிய நாட்கள்

ஜூன் 18, புதன்

ஹாஜா சொன்னான் என்பதற்காக எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் எதைக் குறைத்தோம், குறைத்தபின் இன்வெர்ட்டர் பேட்டரி எதுவரை தாங்கியது என்று தேதி போட்டுக் குறித்து வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் நாலே நாளில் குழம்பிப்போவேனாம். அவன் கம்ப்யூட்டர் கடைக்காரன், சரியாகத்தான் சொல்வான். கல்யாண வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிப் பிழைக்கிற எனக்கு ஊரார் வீட்டு நல்ல நாளைப் பதிவு செய்யவே பொழுது சரியாக இருக்கிறது. இதில் என் வீட்டு நாளை வேறு எழுத வேண்டும்.

விஷயம் இதுதான். மெயின் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். கம்பங்களைப் பிடுங்கித் தள்ளி நடுகிறார்கள். காலையில் போகிற கரண்ட் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருகிறது. ஆடி பிறக்கும்வரை இப்படித்தான் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த வீட்டில் கரண்ட் இல்லாமல் ஓடாதவை இரண்டு. ஒன்று என் கம்ப்யூட்டர். இன்னொன்று தையல்நாயகியின் மூச்சு மெஷின். அவள் என் மனைவி. நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற வியாதி. போன வருஷத்திலிருந்து மூக்கில் குழாய், பக்கத்தில் ஒரு சின்ன பீரோ அளவுக்கு ஆக்ஸிஜன் மெஷின். குளிக்க, கொல்லைப்பக்கம் போக மட்டும் கழற்றலாம் என்று தஞ்சாவூர் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே இன்வெர்ட்டரில் ஓடினால் பகல் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் பேட்டரி படுத்துவிடுகிறது. அப்புறம் அவசரத்துக்கென்று வைத்திருக்கிற சின்ன சிலிண்டரைத் திறக்க வேண்டும். அதைத் திரும்ப நிரப்ப தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மெஷினைக் குறைக்க முடியாது. ஆகவே கம்ப்யூட்டரைக் குறைக்கப்போகிறோம்.

ஜூன் 19, வியாழன்

ஹாஜா வந்தான். கம்ப்யூட்டர் உயிர் பெறும்போதே ஒரு பட்டனைத் தட்டி உள்ளே போய், பிராசசருக்குப் போகிற வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கினான். கம்பெனிக்காரன் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து அனுப்ப மாட்டானாம். சண்டி மாட்டுக்கு வேண்டிய அடியை நல்ல மாட்டுக்கும் சேர்த்துப் போட்டு அனுப்புகிறானாம். நல்ல மாடாக அமைந்துவிட்டால் பாதி அடியிலேயே வண்டி இழுக்கும், சூடும் வராது, கரண்டும் மிச்சம் என்றான். பிறகு கிளாக் வேகத்துக்கும் ஒரு கடிவாளம் போட்டான். தலைதெறிக்க ஓடாமல் நிதானமாக ஓடும். வேலை கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னான். "ரொம்ப எறக்கிடாதீங்கண்ணே. ஒரு எல்லைக்குக் கீழ போனா சொல்லாமக் கொள்ளாம நின்னுடும்."

நான் என்ன சின்னப் பிள்ளையா என்று நினைத்துக்கொண்டேன். தையல் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனதும், மாட்டுக்கு வைத்தியம் முடிந்ததா என்று கேட்டாள்.

ஜூன் 21, சனி

நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது. ஆனாலும் கரண்ட் வருவதற்கு வெகு முன்பே பேட்டரி காலி. சிலிண்டரைத் திறந்தேன்.

மாவு புளித்துவிட்டது. காலையில் இட்லி, மத்தியானம் அதே மாவில் தோசை, ராத்திரியும் அதே. அவள் ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் சட்னியில் உப்பு ஒரு கல் குறைந்தால்கூட என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

ஜூன் 23, திங்கள்

வோல்டேஜை நானே இன்னும் இரண்டு படி இறக்கினேன். தாலி கட்டுகிற இடத்துக்கு மூன்று கேமராப் படத்தையும் ஒன்றாகக் கோத்துக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே உறைந்தது. காலையிலிருந்து செய்த வேலை போயிற்று. மேசையில் ஒரு குத்துக் குத்தினேன், கைதான் வலித்தது. ஒரு படி ஏற்றி வைத்தேன், இப்போது ஓடுகிறது.

ராத்திரி கரண்ட் இருக்கும்போது வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கலாமே என்று அவளுடைய அண்ணன் போனில் யோசனை சொல்கிறார். ராத்திரியில் இதே கம்ப்யூட்டர்தான் முடித்த படங்களைக் கோத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்நேரம் வேறு வேலையைத் தொட்டால் இரண்டும் கெட்டுவிடும். மைத்துனர் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு எதை வேண்டுமானாலும் சொல்வார். கொஞ்ச நாளைக்கு இரண்டு பேரும் அங்கே வந்துவிடுங்கள் என்று வேறு கூப்பிடுகிறார். வைகாசியிலும் ஆனியிலும் எடுத்த கல்யாணம் அத்தனையும் என் மேசையில் கிடக்கிறது. ஆடிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்கும்போது வீடியோ கையில் இருக்க வேண்டும், சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது இந்தப் பக்கத்து வழக்கம். கொடுக்காவிட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கு ஒருத்தன் கூப்பிட மாட்டான். அவள் மருந்தும் என் சோறும் அதில்தான் இருக்கிறது. வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

தாங்கிவிட்டது!

கரண்ட் வருகிறவரை தாங்கியது. அதற்குப் பிறகும் பேட்டரியில் மிச்சம் காட்டுகிறது. சிலிண்டரைத் தொடவே இல்லை. நான் போட்ட கணக்குக்கே மேலே போய்விட்டது. நல்ல மாடுதான் என் மாடு.

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளறைக்கு ஓடி அவளிடம் சொன்னேன். மத்தியானம் குளித்த தலையை முடியாமலே படுத்திருந்தாள். ஒரு விநாடி விழித்தாள், பிறகு சிரித்தாள். எனக்கு நிலைகொள்ளவில்லை. நானே காபி போட்டேன், அவளுக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் கசப்பாக. இரண்டு பேரும் குடித்தோம். வெகு நாளைக்குப் பிறகு உடம்பில் ஒரு தெம்பு.

ஜூன் 26, வியாழன்

இன்றும் தாங்கியது.

ஜூன் 28, சனி

தாங்கியது. சாயங்காலம் நான் எழுந்து போவதற்குள் அவளே கேட்கிறாள், "தாங்குச்சா?" என்று. தாங்கியது என்றதும் தலையை ஆட்டிக்கொள்கிறாள்.

ஹாஜாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் ஊம் கொட்டினான். வோல்டேஜையும் வேகத்தையும் இவ்வளவு குறைத்தால் இவ்வளவுதான் மிச்சமாகும், சாயங்காலம் வரை வர வாய்ப்பில்லையே, இன்வெர்ட்டர் மீட்டரைச் சரியாகப் பார்த்தீர்களா என்றான். கண் முன்னால் பேட்டரி தாங்கி நிற்கிறது, இவனுக்குக் கணக்கு வேண்டுமாம். தான் சொல்லிக்கொடுத்த வித்தையில் நான் அவனைத் தாண்டிவிட்டது பொறுக்கவில்லை போல.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் தலைவலி என்று தையல் சுருண்டு கிடந்தாள். கால் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், நான்தான் ஊறுகாயை எடுத்து வைத்துத் தொலைத்தேன். ரோட்டுப் புழுதி வேறு வீட்டுக்குள் அப்படி வருகிறது. காலையில் துடைத்த இடத்தில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம்.

சாயங்காலம் கரண்ட் வந்து கொஞ்ச நேரம் கழித்து வழக்கம்போல் அவள் விரலில் ஆக்ஸிஜன் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். பரவாயில்லை. டாக்டரம்மா சொன்ன எல்லைக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது.

முதுகு விட்டுப்போகிறது. வீடு கூட்டி, சமைத்து, அவள் துணியை அலசிப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அடுத்தவன் வீட்டு ஊர்வலம். ஒரே கெட்டிமேளத்தை நாற்பது தடவை கேட்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

வடுவூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். வேறொருவன் எடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறான், ஆடி பிறப்பதற்குள் சரி செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். பத்து நாளைக்கு முன்பாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பேன். இப்போது பேட்டரிதான் மிஞ்சுகிறதே. சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பகலிலும் ஒரு பக்கம் படத்தைக் கோத்துத் தள்ள விட்டால் முடித்துவிடலாம்.

தையலிடம் சொன்னபோது, பகலிலேயுமா என்று மட்டும் கேட்டாள். பேட்டரி தாங்கும் என்றேன். விட்டத்தைப் பார்த்தபடியே, தாங்கும் என்று அவளும் சொன்னாள்.

ஜூலை 4, வெள்ளி

பகலில் கூடுதல் வேலை கொடுத்தும் சாயங்காலம் வரை தாங்கியது! எனக்கே நம்ப முடியவில்லை. காமாட்சி விளக்கை ஏற்றும்போது கம்ப்யூட்டர் இருக்கிற பக்கமாகவும் ஒரு கும்பிடு போட்டேன்.

மத்தியானம் சாப்பாடு கொடுக்க எழுந்தபோது எங்கோ 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஹெட்போனைக் கழற்றினால் இரண்டு மூன்று நாளாக இப்படி ஒன்று காதில் விழுகிறது. இன்வெர்ட்டரைப் போய்ப் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை. காதுதான் கெட்டுவிட்டது போலிருக்கிறது.

ஜூலை 5, சனி

ஸ்விட்ச் பெட்டியைக் கைக்கு எட்டுகிற மாதிரி கட்டில் ஓரமாக வைக்கச் சொன்னாள். எழுந்து போய் ஃபேனை நிறுத்தக் கஷ்டமாக இருக்கிறதாம். நியாயம்தான். நீள வயர் ஒன்று வாங்கி வந்து இழுத்து வைத்தேன். மெஷினும் அதில்தான் மாட்டியிருக்கிறது, கைபட்டு அணைந்துவிடப்போகிறது, ஜாக்கிரதை என்று சொல்லிவைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

பகலெல்லாம் தூங்குகிறாள். சாப்பாட்டுக்கு எழுப்பினால், எங்கே இருக்கிறோம் என்று யோசிக்கிற மாதிரி பார்க்கிறாள். வெயில் காட்டம் அப்படி. என் நாற்காலி கிறீச்சிடும் சத்தத்துக்கு மட்டும் எப்படியோ விழித்துக்கொள்கிறாள்.

பேட்டரி தாங்கியது.

ஜூலை 8, செவ்வாய்

உதடு கருநீலமாக இருந்தது. பதறிப்போய் என்னடி இது என்றேன். தெருவில் நாவல்பழம் விற்றுக்கொண்டு போனதாம், பக்கத்து வீட்டு அம்மா கொஞ்சம் வாங்கிக் கொடுத்தார்களாம். இருக்கிற தொண்டைக்கு நாவல்பழம் வேறு கேடா என்று சத்தம் போட்டேன். பாவம், நாக்குக்கு ருசியாக என்னதான் தின்கிறாள். இரண்டு பழமாவது எனக்கு வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, எல்லாவற்றையும் நானே தின்றுவிட்டேன் என்று சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது.

வடுவூர்க்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். இன்றைக்கு வோல்டேஜை இன்னும் ஒரு படி இறக்கிப் பார்த்தேன். ஓடுகிறது. மிச்சமாகிற கரண்டில் மேசை ஃபேன் போட்டுக்கொள்ளலாம்.

ஜூலை 9, புதன்

எழுத ஓடவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். அவளுக்கு நினைவு திரும்பிவிட்டது.

ஜூலை 10, வியாழன்

நடந்ததை எழுதி வைத்துவிடுகிறேன், எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

நேற்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் திடீரென்று கம்ப்யூட்டர் செத்தது. முந்தின நாள் ஆசைப்பட்டு ஒரு படி இறக்கினேன் அல்லவா, அது தாங்கவில்லை. ஹெட்போனில் நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. சனியனே என்று ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்காலியை நகர்த்தக்கூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வீட்டில் சத்தமே இல்லை. அந்த மெஷின் ஓடினால் ரைஸ்மில் மாதிரி இரையும். அந்த இரைச்சல் இல்லை. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு மேலே பார்த்தேன், ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினேன். மூக்கில் குழாய் சரியாக இருந்தது. தலை ஒரு பக்கம் தொங்கியிருந்தது. ஒரு கை ஸ்விட்ச் பெட்டியின் மேல் கிடந்தது. மெஷின் ஸ்விட்ச் அணைந்திருந்தது. போட்டேன். 'பீப்' என்றது. ஒரு வாரமாக நான் கேட்ட அதே சத்தம். தையல், தையல் என்று கன்னத்தில் தட்டினேன், கண்ணைத் திறக்கவில்லை. சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றி மாட்டினேன். ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். நல்லவேளை, ரோட்டு வேலைக்காரர்கள் ஆம்புலன்சுக்கு வழிவிட்டு மண்ணைத் தள்ளிக் கொடுத்தார்கள்.

தூக்கக் கலக்கத்தில் கைபட்டு ஸ்விட்ச் அணைந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. பெட்டியைக் கட்டிலருகே கொண்டுபோய் வைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆக்ஸிஜன் வைத்தீர்கள் என்று கேட்டார். ராத்திரி பகலாக வைத்தோம், அன்றைக்கு ஒரு நாள் கைபட்டு அணைந்துவிட்டது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கால் வீக்கம், இதயத்தின் வலப்பக்கம் பெருத்திருப்பது, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் காட்டினார். இது ஒரு நாளில் வந்த கேடு இல்லை, இரண்டு வாரமாகவாவது தினமும் பல மணி நேரம் ஆக்ஸிஜன் குறைந்திருக்கிறது என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மெஷினுக்குக் கரண்ட் வேண்டுமென்று கம்ப்யூட்டரின் கழுத்தை நெரித்துக்கொண்டு வேலை பார்த்தவன் நான், என்னிடமே சொல்கிறீர்களா என்று சத்தம் போட்டேன். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கோபப்படவில்லை. ஒரு தடவை உங்கள் மனைவியையே கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்கவில்லை. பயமாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

கேட்டேன்.

மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்குக் குழாய் மட்டும் வைத்திருந்தார்கள். கொஞ்சம் தெளிவாக இருந்தாள். வேண்டுமென்றே நிறுத்தினாயா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தாள். நான் ஹெட்போனை மாட்டியதும் நிறுத்துவாளாம், நாற்காலிச் சத்தம் கேட்டதும் போட்டுவிடுவாளாம். கரண்ட் வந்த பிறகு மெஷின் ஓடியதால்தான் சாயங்காலம் மீட்டரில் சரியாகக் காட்டியிருக்கிறது. நான் வடுவூர் வேலையை வாங்கிய பிறகு இன்னும் அதிக நேரம் நிறுத்த வேண்டியதாயிற்றாம். நாவல்பழம் என்று யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

அடிக்கக் கை ஓங்குகிற அளவுக்கு ஆத்திரம். அப்படி என்னடி கம்ப்யூட்டர் முக்கியம், யார் உன்னை நிறுத்தச் சொன்னது என்று கேட்டேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"மொத நாளு வேணும்னு செய்யலங்க. குளிக்கப் போறப்ப நிறுத்துனேன், வந்து படுத்தவ போட மறந்து தூங்கிட்டேன். சாயங்காலம் நீங்க ஓடியாந்து தாங்கிடுச்சின்னீங்க. நீங்க சிரிச்சு எத்தனை மாசமாச்சு. காபி எல்லாம் போட்டுக் குடுத்தீங்க. அப்பறம் எப்புடிங்க நா அதப் போடுறது?"

வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அந்த இருபத்தைந்தாம் தேதிக்கு நான் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நல்ல மாடுதான் என் மாடு என்று எழுதியிருக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

கம்ப்யூட்டரையும் பாக்கி வேலைகளையும் ஹாஜாவிடம் ஒப்படைத்துவிட்டேன். அவனுக்குத் தெரிந்த பையன்கள் முடித்துக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் கம்பெனி வைத்திருந்த இடத்துக்கே ஏற்றி வைத்துவிட்டானாம். அவனிடம் நடந்ததைச் சொன்னேன். நான் போன் போட்ட அன்றைக்கே நேரில் வந்து பார்த்திருக்க வேண்டும் என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான். வோல்டேஜைக் குறைத்ததில் உண்மையில் எவ்வளவுதான் மிச்சமாகியிருக்கும் என்று கேட்டேன். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்றான். மற்றதெல்லாம் அவளுடையது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மைத்துனர் வீட்டுக்கு வந்துவிட்டோம். போன மாதமே அவர் கூப்பிட்டபோது வந்திருக்கலாம். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை.

இனிமேல் குளிக்கும்போதுகூடக் குழாயைக் கழற்றக் கூடாது. மெஷினில் முன்பு வைத்த அளவு இப்போது போதவில்லை, இரண்டு மடங்கு வைக்க வேண்டும். போனது போனதுதான், திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

நான் ஒரு முடிவு எடுத்திருந்தேன். என்ன ஆனாலும் அவள் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. நேற்றிலிருந்து அறைக்குள் போகும்போதெல்லாம் சிரித்த முகமாகத்தான் போகிறேன். மருந்து கொடுக்கும்போது சிரிப்பு, போர்வையைச் சரி செய்யும்போது சிரிப்பு. கன்னம் வலிக்கிறது, பரவாயில்லை.

இன்று காலை கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா பயமா இருக்கு."

ஏன் என்று கேட்டேன்.

"இன்னும் என்னத்தக் கொறைக்கணுமோன்னு தோணுது."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.